இடப்பக்கம் காலி

ஜூன் 9

அன்புள்ள பட்டாணிக்கு,

நாற்பது தாண்டிய ஆளை இன்னும் இப்படிக் கூப்பிடலாமா என்று உன் மாமா கேட்கிறார். தட்டில் பாதிச் சாப்பாட்டை வைத்துவிட்டு எழுந்து போனவன் நாற்பது தாண்டியவன் மாதிரியா நடந்துகொண்டான் என்று திருப்பிக் கேட்டேன்.

போனை எடுக்க மாட்டேன் என்கிறாய். உன் வீட்டுக்காரியிடம் கேட்டால், வேலைக்குப் போயிருக்கிறார் என்று சொல்லிவிட்டுப் பேசாமல் இருக்கிறாள். பேருந்து நிலையத்தில் நாள் முழுக்க ஒலிபெருக்கியில் வண்டி நேரம் சொல்கிறவள், வெளியே வந்தால் ஒரு சொல்லைக்கூட வீணாக்குவதில்லை. அதனால்தான் கடிதம்.

நான் அப்படி என்ன தப்பாகச் சொல்லிவிட்டேன்? உன் சிறுநீரகங்கள் இரண்டும் கெட்டுவிட்டன, மாற்று வைப்பதுதான் நல்லது என்று டாக்டரம்மா சொல்கிறார். என்னுடையதில் ஒன்றைத் தருகிறேன் என்றேன். அதற்கு ஒருவன் கொட்டும் மழையில் குடையைக்கூட எடுக்காமல் போவானா?

இன்று பன்னிரண்டாம் வகுப்புக்குச் செய்முறை இருந்தது. வருஷா வருஷம் செய்வதுதான். கறிக்கடைக்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவைத்து, ஆட்டுச் சிறுநீரகங்களைக் குழாயோடு சேர்த்து வாங்கிவருவேன். குழாயை ஒட்ட வெட்டிவிட்டால் பாடம் நடத்த முடியாது. முதலில் மேலே ஒட்டியிருக்கும் கொழுப்பை விலக்க வேண்டும். அடியில் வெங்காயச் சருகு மாதிரி மெல்லிய உறை இருக்கும். ஓரத்தைக் கிள்ளி இழுத்தால் முழுசாகக் கழன்று வரும். பிறகு தட்டில் படுக்கவைத்து, வெளிவளைவிலிருந்து உள்வளைவு நோக்கி ஒரே வெட்டு. புத்தகம் மாதிரி விரிந்துகொள்ளும். ஓரமாகச் செங்கல் நிறத்தில் ஒரு பட்டை ஓடுகிறதே, அது புறணி. அதற்கு உள்ளே வரிவரியாக இருப்பது அகணி. நடுவில் வெள்ளையாக ஒரு புனல், அதன் வால்தான் சிறுநீர்க்குழாய். பிள்ளைகளிடம் மழுங்கிய கம்பி ஒன்றைக் கொடுத்து, வெளியே தொங்கும் குழாய்க்குள் விடச் சொல்வேன். கம்பி உள்ளே புனலில் வந்து எட்டிப்பார்க்கும்போது, மூக்கைப் பொத்திக்கொண்டிருந்தவர்கள்கூடக் கையை எடுத்துவிடுவார்கள்.

வடிகட்டும் வேலை தொடங்குவது அந்தச் செங்கல் பட்டையில்தான். கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்ன ரத்தக்குழாய் முடிச்சுகள், லட்சக்கணக்கில். ஒவ்வொன்றும் ரத்தத்தை இறுத்து, அதில் உடம்புக்கு வேண்டியதைத் திரும்பக் கொடுத்துவிட்டு, மிச்சத்தைப் புனலுக்கு அனுப்புகிறது. நீ ஒருநாளும் பார்த்துக்கொள்ளாத ரத்த அழுத்தம் வருஷக்கணக்காக அவற்றைத்தான் நசுக்கிக்கொண்டிருந்திருக்கிறது.

இதை வகுப்பில் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். இன்று கத்தியை வைத்தவள் வெட்டாமல் அப்படியே நின்றுவிட்டேன். முன்வரிசையில் இருந்த பெண், மிஸ்ஸுக்கு உடம்பு சரியில்லையா என்று கேட்டாள்.

கோபம் தீர்ந்தால் எழுது. தீராவிட்டாலும் எழுது.

அக்கா

*

ஜூன் 21

அக்காவுக்கு,

உன் கடிதத்தை இவள் வாய்விட்டுப் படித்துக் காட்டினாள், அதுவும் நான் சாப்பிட உட்கார்ந்த நேரமாகப் பார்த்து. வெங்காயச் சருகு வந்த இடத்தில் தட்டைத் தள்ளி வைத்துவிட்டேன். இப்போது பாதித் தட்டோடு எழுந்ததற்கு நீதான் பொறுப்பு.

லிஃப்ட் குழிக்குள் இறங்க வேண்டாம் என்று மேற்பார்வையாளர் சொல்லிவிட்டார். மெஷின் ரூமில் உட்கார்ந்து சின்னப் பையன்களுக்குப் போனில் வழி சொல்கிறேன். எந்த ரோப் தேய்ந்திருக்கிறது, எந்தக் கதவு சிக்குகிறது என்று காதாலேயே கண்டுபிடிக்கிறேன். சாயங்காலம் ஆனால் கால் வீங்கி ஷூவுக்குள் நுழையமாட்டேன் என்கிறது. செருப்பைப் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வருகிறேன். மற்றபடி நன்றாகத்தான் இருக்கிறேன்.

அன்றைக்கு எழுந்து போனதற்குக் காரணம் கேட்கிறாய். நேரில் சொல்லியிருந்தால் நீ இடையில் புகுந்து பேசியிருப்பாய், அதனால் எழுதுகிறேன். உனக்கும் எனக்கும் என்றைக்கு ஒத்துப்போயிருக்கிறது? நான் வாங்கிய சோபா உனக்குப் பிடிக்காது. நீ போடும் காபி எனக்குப் பிடிக்காது. ஒரு வாரம் சண்டை போடாவிட்டால் ஏதோ குறைகிற மாதிரி இருக்கும். நாளைக்கு உன் சிறுநீரகத்தை வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு நான் எந்த வாயால் உன்னோடு சண்டை போடுவேன்? நீ என்ன சொன்னாலும் 'சரிக்கா, சரிக்கா' என்று தலையாட்டிக்கொண்டு நிற்பேன். அப்படி ஒரு தம்பியை உனக்குப் பிடிக்காது. எனக்கும் அவனைப் பிடிக்காது.

இதுதான் விஷயம். வேறு கோபம் எதுவும் இல்லை. குடையைப் பார்சலில் அனுப்பாதே, நானே வந்து எடுத்துக்கொள்கிறேன்.

தம்பி

*

ஜூலை 4

அன்புள்ள பட்டாணிக்கு,

உன் கடிதத்தை மாமாவிடம் காட்டினேன். படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பையன் சொல்வதில் நியாயம் இருக்கிறது என்றார். இந்த வீட்டில் எனக்கு ஆதரவு இல்லை.

வகுப்பில் ஒருத்தி கேட்டாள், ஒன்றை எடுத்துவிட்டால் மற்றது என்ன செய்யும் என்று. நல்ல கேள்வி. மற்றது வளரும். வேலை கூடக்கூடக் கொஞ்சம் பருத்து, அந்தப் பங்கையும் சேர்த்துச் செய்ய ஆரம்பித்துவிடும். யாரும் போய் அதனிடம் கேட்டுக்கொள்ள வேண்டியதில்லை. நான் சொல்லி முடித்ததும், அப்படியென்றால் எதற்கு மிஸ் இரண்டு என்றாள். மணி அடித்துவிட்டது, தப்பித்தேன்.

சண்டை விஷயத்துக்கு வருகிறேன். நீ சின்ன வயதில் என் சைக்கிளை வாங்கி ஓட்டிக்கொண்டே, அது ஓட்டை சைக்கிள் என்று என்னிடமே சொன்னவன். வாங்கிக்கொண்ட பொருளுக்காக வாயைக் கட்டிக்கொள்ளும் சுபாவம் உனக்குக் கிடையாது. அந்தக் கவலையை விடு.

எனக்குப் பயமே இல்லை என்று எழுதினால் நீ நம்பமாட்டாய். மாமாவிடம் அப்படிச் சொல்லிப் பார்த்தேன். அவர் சொன்னது இதுதான்: "குடுக்கணும்னா குடு. நான் தடுக்க மாட்டேன். ஆனா பயமில்லைன்னு மட்டும் எங்கிட்ட சொல்லாத." சாயங்காலம் டாக்டரம்மாவிடம் என்னென்ன கேட்க வேண்டும் என்று அவரே கேட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

பயம் இருக்கிறது. இருந்தாலும் தருகிறேன்.

அக்கா

*

ஜூலை 28

அக்கா,

டயாலிசிஸ் ஆரம்பித்துவிட்டார்கள். அவசரத்துக்கு இப்போதைக்குக் கழுத்தில் ஒரு குழாய். அது போக, இடது கையில் ரத்தக்குழாய்கள் இரண்டைச் சேர்த்துத் தைத்திருக்கிறார்கள், அது தயாரானதும் கழுத்தை விட்டுவிடுவார்களாம். தைத்த இடத்தில் விரலை வைத்தால் உள்ளே விர்ரென்று ஓடுவது தெரிகிறது. சுமை இல்லாமல் ஓடும் மோட்டார் அப்படித்தான் இருக்கும். ஆள் இல்லாத நேரத்தில் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறேன்.

வரிசையாக நாற்காலிகள். ஒவ்வொரு நாற்காலிக்கும் பக்கத்தில் அலமாரி உயரத்துக்கு ஒரு மெஷின். நீ ஆட்டில் காட்டிய சமாசாரம் மொத்தத்தையும் இவ்வளவு பெரிய பெட்டிக்குள் வைத்திருக்கிறார்கள், அப்படியும் அதால் முழுசாக முடியவில்லை. உள்ளங்கையில் அடங்குகிற ஒன்று சத்தமே இல்லாமல் செய்துகொண்டிருந்த வேலை. மெஷின் என்றால் எனக்கு மரியாதை உண்டு என்று உனக்குத் தெரியும். இதைப் பார்த்த பிறகு என் மரியாதை வேறு பக்கம் போய்விட்டது.

முடிந்து எழுந்தால் பிழிந்து போட்ட துணி மாதிரி இருக்கிறது. இவள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பாள். ஒன்றும் கேட்கமாட்டாள். என் செருப்பை எடுத்துக் கால் பக்கத்தில் திருப்பி வைப்பாள், அவ்வளவுதான். போன வாரம் பேருந்தில் வரும்போது அவள் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டேன். விழித்துப் பார்த்தால் எங்கள் நிறுத்தம் எப்போதோ தாண்டியிருந்தது. எழுப்ப மனசு வரவில்லையாம். கடைசி நிறுத்தம் வரை போய்த் திரும்பி வந்தோம். அன்றைக்கு வீட்டுக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்து வெகுநேரம் யோசித்தேன்.

சரி. உன்னுடையதை வாங்கிக்கொள்கிறேன். இதை எழுதவே இந்தத் தாளை எடுத்தேன், மோட்டார் கதை எல்லாம் சும்மா.

தம்பி

*

ஆகஸ்ட் 16

அன்புள்ள தம்பிக்கு,

இதை எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் தாளைக் கிழித்துக் கிழித்துப் போட்டேன். நேராகச் சொல்லிவிடுகிறேன். என்னால் தர முடியாது. எனக்கு இருப்பதே ஒன்றுதான்.

ரத்தப் பரிசோதனையெல்லாம் நன்றாகத்தான் வந்தது. ஸ்கேன் அறையில் படுக்கவைத்து, வயிற்றில் சில்லென்று பசையைத் தடவினார்கள். வலப்பக்கம் பார்த்தாள் அந்தப் பெண். இடப்பக்கம் வந்தாள். கருவியை மேலே நகர்த்தினாள், கீழே நகர்த்தினாள், திரும்பிப் படுக்கச் சொன்னாள், மூச்சைப் பிடிக்கச் சொன்னாள். பிறகு, முன்னாடி ஏதாவது ஆபரேஷன் ஆகியிருக்கிறதா என்று கேட்டாள். இல்லை என்றேன். வெளியே போய்ப் பெரிய டாக்டரைக் கூட்டிவந்தாள். அவர் திரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "உங்களுக்குப் பிறவியிலேயே ஒண்ணுதான்மா. இடப்பக்கம் காலி."

திரையை என் பக்கம் திருப்பச் சொன்னேன். டீச்சர் என்றதும் திருப்பினார். வலப்பக்கத்தில் இருந்தது நல்ல பெரிசு. இரண்டு பேர் வேலையை ஒற்றையாகச் செய்து பருத்திருந்தது. ஒன்று இல்லாவிட்டால் மற்றது வளரும் என்று நான் சொல்லிக்கொண்டிருந்தது எனக்குள்ளேயே ஆரம்பத்திலிருந்து நடந்துகொண்டிருந்திருக்கிறது. இப்படி எத்தனையோ பேர் கடைசிவரை தெரியாமலே வாழ்ந்துவிட்டுப் போகிறார்களாம். பயப்பட ஒன்றுமில்லை, பத்திரமாக வைத்துக்கொண்டால் போதும் என்றார்.

அறையை விட்டு வெளியே வந்தேன். மாமா எழுந்து நின்றார். சொன்னேன். என் கையைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். அவர் முகத்தில் ஒரு நிம்மதி வந்ததைப் பார்த்தேன். அதற்காக அவர் வெட்கப்பட்டதையும் பார்த்தேன். நான் எதையும் பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

மறுநாள் வகுப்பில் கரும்பலகையில் வழக்கம்போல ஒன்றை வரைந்தேன். இரண்டாவதுக்குக் கை போகவில்லை. பாடத்தை அத்தோடு நிறுத்திவிட்டு, எல்லோரையும் படிக்கச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

உன்னிடம் அத்தனை வீராப்பாகப் பேசி, உன்னைச் சரி என்று சொல்லவைத்து, இப்போது வெறும் கையோடு நிற்கிறேன். ரத்த சொந்தம் என்று உனக்கு வேறு யாரும் இல்லையே என்பதுதான் என்னைத் தின்கிறது.

அக்கா

*

ஆகஸ்ட் 24

அக்கா,

முதலில் நீ தலைவலி மாத்திரை சாப்பிடுவதை நிறுத்து. விடைத்தாள் திருத்தும் நாட்களில் பொரி மாதிரி வாயில் போட்டுக்கொள்வாயே, அது சிறுநீரகத்துக்கு ஆகாது என்று டாக்டரம்மா சொன்னார். உன் விஷயத்தை நான்தான் அவரிடம் சொன்னேன். வருஷத்துக்கு ஒரு தடவை ரத்த அழுத்தம், ரத்தம், சிறுநீர் எல்லாம் பார்க்க வேண்டுமாம். தண்ணீர் குடி. பள்ளிக்கூடத்தில் கழிப்பறை நன்றாக இல்லை என்று காலையிலிருந்து மாலைவரை குடிக்காமல் இருப்பாயே, அந்தக் கதை இனி வேண்டாம்.

உன் கடிதத்தைப் படித்ததிலிருந்து எனக்குப் பயமாக இருக்கிறது. எனக்குக் கிடைக்காமல் போனதை நினைத்து இல்லை. ஸ்கேனில் அந்தப் பெண் இடப்பக்கத்தைச் சரியாகப் பார்க்காமல் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அப்படியெல்லாம் ஆகாது, பல தடவை பார்ப்பார்கள் என்கிறார் டாக்டரம்மா. ஆனாலும் என் மனசு கேட்கவில்லை. வெறும் கையோடு நிற்கிறேன் என்று எழுதாதே. நீ நிற்கிறாயே, அது போதும்.

இனி நடந்ததைக் கேள். கடிதத்தை நான் இவளுக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டினேன். 'ரத்த சொந்தம் என்று வேறு யாரும் இல்லையே' என்ற இடம் வந்ததும் இவள் எழுந்து சமையலறைக்குப் போனாள். பாத்திரம் விழுகிற சத்தம் கேட்டது. இவள் கையிலிருந்து பாத்திரம் விழுந்து நான் பார்த்ததில்லை. போய்ப் பார்த்தால் முகம் சிவந்து நிற்கிறாள். என்ன என்றேன்.

"உங்களுக்கும் உங்க அக்காவுக்கும் நடுவுல நான் ஒருத்தி இருக்கேன்னு யாருக்காவது தோணுச்சா? இத்தனை கடிதாசியில ஒரு வார்த்தை என்னைக் கேட்டீங்களா? எனக்கும் ரெண்டு இருக்கு. போன வாரமே படம் எடுத்துப் பார்த்துட்டேன்."

வீட்டில் ஒரு மாதத்தில் பேசுகிறதை ஒரே மூச்சில் பேசிவிட்டாள். உன் ஸ்கேன் முடிந்ததும் மாமா எனக்குப் போன் செய்திருக்கிறார். நான் தூங்கிக்கொண்டிருந்ததால் இவள் எடுத்திருக்கிறாள். உன் கடிதம் வந்து சேருவதற்கு முன்பே விஷயம் அவளுக்குத் தெரியும். வேலைக்குப் போவதாகச் சொல்லிவிட்டு டாக்டரம்மாவிடம் போயிருக்கிறாள். கணவன் மனைவி தாராளமாகக் கொடுக்கலாமாம், ரத்த சொந்தமாக இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லையாம். இவளுடைய ரத்த வகை உள்ளவர்கள் யாருக்கு வேண்டுமானாலும் கொடுக்கலாமாம். இன்னும் சோதனைகள் பாக்கி இருக்கின்றன. இதுவரை பார்த்ததில் குறை ஒன்றும் இல்லை.

உன்னிடம் சொன்ன காரணத்தை இவளிடமும் சொல்லலாம் என்று வாயெடுத்தேன். இவளோடு நான் சண்டையே போட்டதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. ஊசியைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறவள், அக்கா. நாம் கேட்காமல் விட்டதற்கு அதுதான் காரணம் என்று சொன்னேன். கேட்டுட்டு விட்டிருக்கலாமே என்றாள்.

நீ அவளுக்கு எழுது. எனக்கு இல்லை, அவளுக்கு.

தம்பி

*

டிசம்பர் 3

அன்புள்ள பட்டாணிக்கு,

எடுத்த விடுப்பு முடிந்துவிட்டதால் திரும்ப வேண்டியதாகிவிட்டது. இல்லாவிட்டால் உன் கட்டிலை விட்டு நகர்ந்திருக்க மாட்டேன், நீயும் என்னை விரட்டிக்கொண்டே இருந்திருப்பாய். ஆபரேஷன் அன்று நீ மயக்கத்தில் இருந்தபோது நடந்ததை நேரில் சொல்ல வாய் வரவில்லை. பக்கத்துக் கட்டில்காரர் வேறு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

காலையில் முதலில் அவளைத்தான் உள்ளே கொண்டுபோனார்கள். ஊசிக்குப் பயப்படுவாளே என்று நான் கூடவே கதவுவரை போனேன். முகத்தைத் திருப்பவில்லை. ஊசி கையில் இறங்குவதை இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். கேட்டதற்கு, பார்த்துப் பழகிக்கிறேன் அண்ணி என்றாள். ஆகஸ்டில் நான் எழுதிய கடிதத்துக்கு அவள் பதில் போடவே இல்லை. கதவுக்கு முன்னால் என் கையைப் பிடித்து ஒரு அழுத்து அழுத்தினாள். அதுதான் பதில் என்று எடுத்துக்கொண்டேன்.

அப்புறம் உன்னைக் கொண்டுபோனார்கள். மாமாவும் நானும் வராந்தாவில் உட்கார்ந்திருந்தோம். உள்ளே என்ன நடக்கும் என்பது அந்த வராந்தாவில் என் ஒருத்திக்குத்தான் படம் படமாகத் தெரியும், அதுதான் கொடுமை. இப்போது உறையை ஒட்டிய கொழுப்பை விலக்குவார்கள், இப்போது தமனி, இப்போது சிரை, இப்போது குழாய் என்று மனசுக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. மாமா காபி வாங்கிக்கொண்டு வந்தார். ஆறிப்போன பிறகு பார்த்தேன்.

மத்தியானத்துக்கு மேல் அறுவை டாக்டர் வெளியே வந்தார். நன்றாக முடிந்தது என்றார். ரத்தக்குழாய்களை இணைத்துப் பிடியை விட்டதும், சாம்பல் நிறத்தில் இருந்தது மெல்ல மெல்லச் சிவந்து இறுகியதாம். அங்கேயே, மேசையிலேயே, குழாய் நுனியிலிருந்து சிறுநீர் சொட்டச் சொட்ட வந்ததாம். நான் அவரிடம், எந்த நிறத்துக்கு வந்தது என்று கேட்டேன். யாரும் கேட்காத கேள்வி போலிருக்கிறது, கொஞ்சம் யோசித்தார். "ரோஜா நிறம்னு சொல்லலாம்மா," என்றார். இத்தனை வருஷத்தில் நான் வெட்டியதெல்லாம் நிறம் செத்தவை. நிறம் திரும்பி வரும் என்று எந்தப் புத்தகத்திலும் நான் படித்ததில்லை. அந்த இடத்தில்தான் அழுதேன். மாமா என்னைச் சமாதானப்படுத்துவதாக நினைத்துக்கொண்டு தானும் அழுதார்.

அவள் மயக்கம் தெளியும்போது நான்தான் பக்கத்தில் இருந்தேன். கண்ணைத் திறக்காமலே, கணீரென்ற குரலில், மூன்றாம் நடைமேடையிலிருந்து வண்டி புறப்படப் போகிறது, பயணிகள் அவரவர் இடத்தில் அமருங்கள் என்று அறிவித்தாள். செவிலியர் இருவரும் சிரிப்பை அடக்க முடியாமல் திரும்பி நின்றுகொண்டார்கள். நான் அவள் தலையைக் கோதிவிட்டு, எல்லோரும் உட்கார்ந்துவிட்டார்கள் என்று சொன்னேன். மறுபடி தூங்கிவிட்டாள்.

மாத்திரை ஒரு வேளைகூடத் தவறக் கூடாது. புதிசாக வந்ததை உன் உடம்பு அன்னியம் என்று நினைத்துத் துரத்தப் பார்க்கும், அதை அடக்கிவைப்பது அந்த மாத்திரைதான். உன் பழையவற்றை எடுக்கவில்லை, புதிசை அடிவயிற்றில் முன்பக்கமாக வைத்திருக்கிறார்கள் என்று உனக்குச் சொன்னார்களா? ஆக உனக்கு இப்போது மூன்று, அவளுக்கு ஒன்று, எனக்கு ஒன்று. வகுப்பில் சொன்னபோது பிள்ளைகள் நம்பவில்லை.

அக்கா

*

ஜனவரி 14

அக்கா,

வீட்டுக்கு வந்துவிட்டோம். கூட்டத்துக்குள் போகக் கூடாது, யாராவது தும்மினால் எட்டிப் போக வேண்டும் என்று ஏகப்பட்ட கட்டுப்பாடு. முகக்கவசத்தோடு வாசலில் நின்று வெயில் காய்கிறேன். மெஷின் ரூம் பையன்கள் போன் செய்து, எந்த ரோப் என்று இன்னும் என்னிடம்தான் கேட்கிறார்கள்.

இவள் நன்றாகத் தேறிவிட்டாள். கனமாக எதையும் தூக்கக் கூடாது என்பதால் தண்ணீர்க் குடத்தை நான் தூக்கப் போனேன். எனக்கும் அதே கட்டுப்பாடு என்று பிடுங்கிவைத்துவிட்டாள். கடைசியில் பக்கத்து வீட்டம்மாதான் தூக்கித் தருகிறார். ஒரு குடும்பத்தில் ஒரு குடம் தூக்க ஆள் இல்லாமல் போய்விட்டது என்று நான் சிரித்தால், வயிறு குலுங்கும் சிரிக்காதீர்கள் என்கிறாள். அடுத்த மாதம் வேலைக்குத் திரும்புகிறாள். நான்காம் நடைமேடைக்கு இப்போது அறிவிக்கிற பெண் சரியில்லையாம். வீட்டிலிருந்தே இவளுக்குக் கேட்கிறது.

கையில் தைத்த இடம் இன்னும் விர்ரென்று ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. இருக்கட்டும் என்று விட்டுவைத்திருக்கிறார்கள்.

ஒரு விஷயம் சொல்கிறேன், நீ யாரிடமும் சொல்லாதே. மாமாவிடமும்கூட. டயாலிசிஸ் ஓடிக்கொண்டிருந்தவரை எனக்குச் சிறுநீர் போவது கிட்டத்தட்ட நின்றே போயிருந்தது. அது எவ்வளவு பெரிய விஷயம் என்று போனால்தான் தெரியும். இப்போது காலையில் எழுந்ததும் குளியலறைக்குப் போகிறேன். போய்விட்டு வெளியே வருகிறேன். இவள் அடுப்பு முன்னால் நிற்பாள், இல்லாவிட்டால் தலை பின்னிக்கொண்டிருப்பாள். வேலையை விடாமல் முகத்தை மட்டும் திருப்பி, புருவத்தை லேசாகத் தூக்கி என்னைப் பார்ப்பாள். நான் தலையை ஆட்டுவேன். அவள் திரும்பிக்கொண்டு விட்ட இடத்திலிருந்து பின்ன ஆரம்பிப்பாள்.

தம்பி